ஷோபினின் ஞாயிற்றுக்கிழமைகள்



இசை எந்த மண்ணுடையதாக இருந்தாலும் அதைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை இங்கே பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கச்சேரித் தொடர். போலந்தின் தலைநகர் வார்சாவில், வாஜென்கி என்ற பெரிய பூங்காவில், 1959 முதல் அது நடந்துவருகிறது. மே மாத நடுவில் தொடங்கிச் செப்டம்பர் கடைசி வரை ஞாயிறுதோறும் பகல் 12 மணிக்கு ஒரு கச்சேரி, மாலை 4 மணிக்கு ஒரு கச்சேரி. ஒரே ஒரு பியானோ, அதன் முன் ஒரு கலைஞர். எதிரே வட்டக் குளமும் ரோஜாப் பாத்திகளும் அவற்றைச் சுற்றிப் புல்தரையும். பெஞ்சில் இடம் கிடைத்தவர்கள் பெஞ்சில் உட்காருகிறார்கள். மற்றவர்கள் புல்லில் துணி விரித்து அமர்கிறார்கள், மரத்தில் சாய்ந்து நிற்கிறார்கள், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கோடை முழுவதும் அங்கே ஒலிப்பது ஃபிரெடெரிக் ஷோபின் என்ற ஒருவருடைய இசை.

சென்னையில் பியானோ பயிலும் பிள்ளைகள் பலர் ஷோபினைத் தேர்வுப் பாடமாகத்தான் முதலில் சந்திக்கிறார்கள். இங்கே வந்திருக்கும் மாணவர்களிலும் அப்படிச் சிலர் இருக்கலாம். தேர்வுக்கு அப்பால் ஒரு நகரமே அவரை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இந்தத் தொடரை நினைக்கும்போதெல்லாம் ஒரு முரண் முன்னால் வந்து நிற்கிறது. திறந்தவெளியும் பெருங்கூட்டமும் ஷோபினுக்குப் பொருந்தாதவை. 39 ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். 1810இல் வார்சாவுக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜெலசோவா வோலா என்ற சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாகவே வார்சாவுக்கு வந்தார். 7 வயதில் அவருடைய பொலொனேஸ் என்ற ஆட்ட இசைத்துண்டு ஒன்று அச்சாகிவிட்டது. ஜிவ்னி என்ற முதியவரிடம் பியானோவும், பிறகு எல்ஸ்னரிடம் இசையமைப்பும் கற்றார். 1830 நவம்பர் 2 அன்று ஊரைவிட்டுப் புறப்பட்டார். அதே மாதம் 29ஆம் தேதி ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. பிறகு அவர் திரும்பவே இல்லை. பாரிஸில் வாழ்ந்து, 1849 அக்டோபர் 17 அன்று அங்கேயே இறந்தார். இவ்வளவு புகழ்பெற்ற பியானோ கலைஞர் தம் வாழ்நாளில் பொதுமேடையில் கொடுத்த கச்சேரிகள் ஏறத்தாழ முப்பதுதான். கூட்டத்தின் மூச்சே தம்மைத் திணறடிக்கிறது என்று நண்பர் லிஸ்ட்டிடம் சொன்னவர் அவர். நண்பர்கள் நிறைந்த அறை, மெழுகுவத்தி வெளிச்சம், தொட்டால் பேசும் பிளேயெல் பியானோ ஆகியவைதான் அவருடைய உலகம். அவர் வாசிப்பில் மெல்லிய ஒலிக்குள்ளேயே பல படிகள் இருந்தன என்று கேட்டவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு நல்ல சாட்சி சார்லஸ் ஹாலே. பிற்காலத்தில் மான்செஸ்டரில் தம் பெயரிலேயே இசைக்குழு அமைத்தவர். 1848 பிப்ரவரி 16 அன்று ஷோபின் பாரிஸில் கொடுத்த கடைசிக் கச்சேரியை அவர் நேரில் கேட்டார். அன்று ஷோபின் பார்கரோல் என்ற தம் பியானோ உருப்படியை வாசித்தார். அதன் பிற்பகுதி முழு வலுவோடு பொங்கி எழ வேண்டியது. நோயால் உடல் தளர்ந்திருந்த ஷோபின் அந்த இடத்தை நேர்மாறாக, மிக மெல்லியதாக வாசித்தார். அதற்குள் எத்தனை நுட்பங்கள் என்றால், எழுதியபடி வாசிப்பதைவிட இதுவே மேலோ என்று ஹாலே ஐயப்பட்டுவிட்டார். உச்சக்கட்டத்தை முணுமுணுப்பாக்கியும் அவையைக் கட்டிப்போட முடிந்த கலைஞர்!

அப்படிப்பட்டவருடைய இசையை ஒலிபெருக்கி வைத்துப் பூங்காவில் பரப்பலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். கச்சேரிக்கு வைக்கும் பெரிய கிராண்ட் பியானோ 9 அடி நீளம், ஏறத்தாழ அரை டன் எடை, இருநூறுக்கு மேற்பட்ட தந்திகள். அதன் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பித் தந்தியை இழுக்கும், சுருதி ஏறும். வெயில் நேரே பட்டால் தந்தி தளரும், சுருதி இறங்கும். நண்பகலில் சேர்த்த சுருதி நான்கு மணிக்கு அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அறையின் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும், புல்வெளி விழுங்கிவிடும். ஒலிவாங்கி வழியாக வரும்போது மெல்லியதும் வலியதும் நெருங்கி வந்துவிடுகின்றன. ஹாலே கேட்ட அந்த மெல்லிய படிகளில் பாதியாவது புல்தரையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. இழப்பு உண்மையானதுதான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் இந்தத் தொடர் இப்படித்தான், இந்த இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். கச்சேரி நடக்கும் இடத்தில் நிற்கும் ஷோபின் சிலையின் கதை தெரிந்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றக்கூடும்.

போலந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று அரசுகளால் பங்கிடப்பட்டு வரைபடத்திலிருந்தே மறைந்த நாடு. ஷோபின் வாழ்ந்த காலத்திலும் அவர் மறைந்து வெகுகாலம் வரையிலும் போலந்து என்று ஓர் அரசு இல்லை. நாடு இல்லாதவர்களுக்கு, போலந்து ஆட்டங்களிலிருந்து பிறந்த அவருடைய பொலொனேஸும் மசூர்காவும் நாட்டின் இடத்தில் இருந்தன. இசையமைப்பாளர் ஷுமான் இதை 1836லேயே கண்டுகொண்டார். மசூர்காக்களுக்குள் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று ஜாருக்குத் தெரிந்தால் அந்த இசையையே தடை செய்துவிடுவார் என்ற பொருள்பட எழுதினார். 1863 செப்டம்பரில் வார்சாவில் ரஷ்ய ஆளுநரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதற்குப் பழிவாங்கப் படைவீரர்கள் ஜமோய்ஸ்கி மாளிகைக்குள் புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் சன்னல் வழியே தெருவில் எறிந்தார்கள். அங்கே ஷோபினின் சகோதரி வீட்டில் இருந்த அவருடைய பியானோவும் அப்படிக் கீழே விழுந்து நொறுங்கியது. நோர்விட் என்ற கவிஞர் அதைப் பற்றி எழுதிய நெடுங்கவிதை இன்று போலந்து இலக்கியத்தின் பெருஞ்செல்வங்களில் ஒன்று.

ரஷ்ய ஆட்சி இருந்தவரை வார்சாவில் ஷோபினுக்குச் சிலை எழவில்லை. அவர் பிறந்த ஜெலசோவா வோலாவில் 1894இல் ஒரு நினைவுத்தூண் எழுந்தது. அதற்குப் பெருமுயற்சி எடுத்தவர் பலாகிரேவ் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பேரரசு அஞ்சிய இசையை அந்தப் பேரரசிலேயே ஒருவர் உயிராக நேசித்தார். வார்சாவுக்கான சிலையை வாட்ஸ்வாஃப் ஷிமனோவ்ஸ்கி என்ற சிற்பி வடிவமைத்தார். காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்த வில்லோ மரத்தடியில் ஷோபின் உட்கார்ந்திருக்கிறார். மரத்தின் கிளைகள் பியானோக்காரரின் விரல்களைப்போல அவர் தலைக்கு மேல் வளைகின்றன. 1910இல் வந்த பிறந்த நூற்றாண்டுக்குத் திட்டமிட்டது தாமதமாகி, பிறகு முதல் உலகப்போராலும் தள்ளிப்போய், போலந்து விடுதலை பெற்றபின் 1926 நவம்பரில் திறக்கப்பட்டது.

அதற்கு 14 ஆண்டுகூட ஆயுள் இல்லை. 1940 மே 31 அன்று ஜெர்மன் ஆக்கிரமிப்பாளர்கள் வெடிவைத்து அதைத் தகர்த்தார்கள். துண்டு துண்டாக அறுத்து உலோகத்தை உருக்கக் கொண்டுபோனார்கள். ஷோபினைப் பொது இடத்தில் வாசிப்பதற்கும் தடை விதித்தார்கள். பின்னொரு கட்டத்தில், தங்களால் அழிக்க முடியாத அவரை ஜெர்மானியப் பண்பாட்டின் பிள்ளையாகக் காட்டவும் முயன்றார்கள். வார்சா மக்கள் வீடுகளில் திரை இழுத்துவிட்டு மறைவாகக் கச்சேரி நடத்தினார்கள். 1939 செப்டம்பர் 23 அன்று, குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, வார்சா வானொலியில் விளாதிஸ்வாஃப் ஷ்பில்மன் ஷோபினை வாசித்ததும், அன்றோடு நின்றுபோன வானொலி போருக்குப்பின் மீண்டும் எழுந்தபோது அவரே வந்து வாசித்ததும் ‘பியானிஸ்ட்’ திரைப்படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

போர் முடிந்தபோது வார்சாவின் பெரும்பகுதி இடிபாட்டு மேடாகக் கிடந்தது. குடியிருக்க வீடில்லாத மக்கள் நகரத்தைக் கல் கல்லாக எழுப்பினார்கள். ஷோபின் இறந்தபின் அவருடைய இதயத்தைப் பாரிஸிலிருந்து சகோதரி லுட்விகா வார்சாவுக்குக் கொண்டுவந்திருந்தார். பின்னர் அது திருச்சிலுவைக் கோயிலின் தூண் ஒன்றில் பதிக்கப்பட்டது. 1944இல் அங்கிருந்து அகற்றப்பட்ட அந்த இதயம் 1945 அக்டோபர் 17 அன்று, அவருடைய நினைவு நாளில், திரும்பி வந்தது. சிலையும் மறுபடி வார்க்கப்பட்டு 1958 மே மாதம் அதே இடத்தில் நின்றது. மறு கோடையில் அதன் அடியில் பியானோ வந்தது.

இந்தத் தேதிகளை நான் வரிசையாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1959 கோடையில் அந்தப் புல்தரையில் முதன்முதலாக உட்கார்ந்தவர்களில் நடுவயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஷோபினைக் கேட்பதே குற்றமாயிருந்த நாள்களைக் கண்டவர்கள். திரைபோட்ட அறையில் பயந்து பயந்து கேட்டதை இப்போது வெட்டவெளியில், வெயிலில், பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து கேட்டார்கள். மேலே சொன்ன ஒலி இழப்பு அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்குமா? பூங்கா என்பது இடவசதிக்காகத் தேர்ந்த இடம் மட்டுமன்று. எல்லோரும் பார்க்க, எல்லோரும் கேட்க வாசிப்பதில்தான் அந்தத் தொடரின் பொருளே இருக்கிறது. கட்டணம் இல்லாததையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். டிக்கெட் வைத்திருந்தால் கூட்டம் குறைந்திருக்கும், ஒலியும் மேம்பட்டிருக்கும். ஆனால் நடந்துபோகிறவர் நின்று கேட்கும் உரிமை போயிருக்கும்.

கோடைக்கும் ஷோபினுக்கும் உள்ள உறவைப் பலர் கவனிப்பதில்லை. அவருடைய பெரும்படைப்புகளில் கணிசமானவை கோடையில் பிறந்தவை. பாரிஸில் குளிர்காலம் முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்தே அவருக்கு நேரம் போய்விடும். அவருடைய துணையாக இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுக்கு நோஆன் என்ற கிராமத்தில் வீடு இருந்தது. 1839இலும், பிறகு 1841 முதல் 1846 வரை ஆண்டுதோறும், ஷோபின் கோடையை அங்கே கழித்தார். 1842 கோடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது பல்லாட், நான்காவது ஷெர்ட்ஸோ, ‘வீர’ என்ற அடைமொழி பெற்ற ஏ ஃபிளாட் பொலொனேஸ் மூன்றும் அந்த ஆண்டுக்குரியவை. அந்த ஜூன் மாதம் ஓவியர் தெலக்ருவா விருந்தாளியாக அங்கே போயிருந்தார். தம் அறைச் சன்னலைத் திறந்து வைத்திருந்தால், தோட்டத்து இராப்பாடிப் பறவைகளின் குரலோடும் ரோஜா மணத்தோடும் கலந்து ஷோபினின் பியானோ உள்ளே வரும் என்று கடிதத்தில் எழுதினார்.

ஆக, தோட்டத்தில் ஷோபினைக் கேட்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பல்ல. ஜெலசோவா வோலாவில் நடக்கும் கோடைக் கச்சேரிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே பியானோ அவர் பிறந்த சிறிய வீட்டுக்குள் இருக்கும். கேட்பவர்கள் வெளியே மரநிழலில் அமர்ந்திருப்பார்கள். திறந்த சன்னல் வழியாக இசை வரும். வாசிப்பவர் அறையின் அமைதியில் தமக்குத் தாமே வாசிப்பதுபோல் வாசிக்கலாம். வெளியே இருப்பவர்கள் ஒட்டுக்கேட்பவர்களைப்போலக் கேட்கலாம். ஷோபினுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வாஜென்கியில் அது நடக்காது, கூட்டம் பெரிது. இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்வேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஒரு கோடை முழுவதும் ஒருவரையே கேட்பதில் என்ன இருக்கிறது? சலிக்காதா?

வழக்கமான பியானோ கச்சேரியின் அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதலில் பாக் அல்லது ஹைடன், பிறகு பெய்த்தோவனின் சொனாட்டா ஒன்று, இடைவேளைக்குப்பின் ஷோபின், முடிவில் அதிரடியாக ஏதாவது. அந்த வரிசையில் ஷோபினுக்குக் கிடைக்கும் இடம் இனிப்புப் பரிமாறும் இடம். கேட்பவர்களும் அவரை இனிமைக்காரராகவே கேட்டுவிட்டுப் போகிறார்கள். பெய்த்தோவனுக்குப் பக்கத்தில் வைத்தால் ஷோபின் மென்மையாகத் தெரிவார். ஷோபினுக்குப் பக்கத்தில் ஷோபினையே வைக்கும்போது அந்தப் பூச்சு கலைகிறது. இரண்டாவது சொனாட்டாவின் சாவு ஊர்வல நடையை முடித்ததும், இரண்டு கைகளும் ஒரே சுரவரிசையை எட்டுசுர இடைவெளியில் மூச்சுவிடாமல் ஓட்டிக்கொண்டு போகும் கடைசிப் பகுதி வருகிறது. மெட்டென்று பிடித்துக்கொள்ள அதில் எதுவுமில்லை. ஒன்றரை நிமிட அளவில் முடிந்துவிடும். இதை எழுதிய அதே கை தாலாட்டையும் எழுதியது. ஓபஸ் 57 தாலாட்டில் இடது கை ஒரே சிறிய அசைவைத் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய முடிவு வரை மாற்றாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். மேலே வலது கையில் ஒரு சிறு மெட்டு பொடிப்பொடியாக உதிர்ந்து மறுபடி சேரும். ஒரே ஞாயிறன்று இரண்டையும் கேட்டவர் ஷோபினை இனிமைக்காரர் என்று சொல்லமாட்டார்.

ஆனால் தொடர்ந்து கேட்பதன் பலன் முழுவதும் தெரிவது மசூர்காக்களில்தான் என்பது என் துணிபு. மசூர்கா மசோவியா வட்டாரத்துக் கிராமத்து ஆட்டம். மூன்று எண்ணிக்கை. அழுத்தம் முதல் எண்ணில் விழாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். அதுவும் ஒரே இடத்தில் நிற்காது. ஷோபின் 14 வயதில் ஷஃபார்னியா என்ற கிராமத்துக்குக் கோடை விடுமுறைக்குப் போனார். அறுவடைக்காரர்களின் பாட்டையும் ஆட்டத்தையும் அருகிருந்து கேட்டார். அங்கிருந்து வீட்டுக்குச் செய்தித்தாள் வடிவில் வேடிக்கைக் கடிதங்கள் எழுதினார். அந்த ஒலிகள் அவரைக் கடைசிவரை விடவில்லை. பொலொனேஸ்கள் சில காலம் வந்து சில காலம் வரவில்லை. மசூர்கா மட்டும் பிள்ளைப் பருவத்திலிருந்து இறுதி நோய்க்காலம் வரை வந்துகொண்டே இருந்தது.

அந்த மூன்று எண்ணிக்கையை அவர் வாசித்த விதம் அவருடைய நண்பர்களையே குழப்பியது. ஹாலே ஒருமுறை, நீங்கள் வாசிப்பது மூன்றல்ல, நான்கு என்று அவரிடமே சொன்னார். ஷோபின் மறுத்தார். ஹாலே கூடவே எண்ணிக் காட்ட, கடைசியில் சிரித்துவிட்டு, அது அந்த ஆட்டத்தின் இயல்பு என்றார். இன்னொரு நாள் மாணவர் லென்ஸ் ஓபஸ் 33இல் உள்ள சி மேஜர் மசூர்காவை வாசித்துக்கொண்டிருந்தபோது ஓபரா இசையமைப்பாளர் மேயர்பீர் உள்ளே வந்தார். வந்தவர், இது இரண்டு எண்ணிக்கையல்லவா என்றார். அன்று ஷோபினுக்குச் சிரிப்பு வரவில்லை. பென்சிலால் பியானோவில் தட்டித் தாளம் போட்டார், முகம் சிவக்கச் சத்தமாக எண்ணினார், தாமே உட்கார்ந்து வாசித்தும் காட்டினார். மேயர்பீர் ஏற்காமலேயே போனார். அழுத்தம் விழும் எண்ணை ஷோபின் கொஞ்சம் பிடித்து நிறுத்தியதால் வந்த குழப்பம் இது. இடது கை தாளத்தைக் காக்க வேண்டும், வலது கைக்குத்தான் விடுதலை என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தவர், தாளத்துக்குள்ளேயே இவ்வளவு நெகிழ்வை வைத்திருந்தார். இதைக் குறியீட்டில் எழுத முடியாது. திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் காது பழக வேண்டும்.

ஒரு மசூர்காவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஓபஸ் 17, எண் 4. 1834இல் வெளிவந்தது. ஏ மைனர் என்று சொல்கிறோம்; ஆனால் தொடக்கத்தில் ஏ மைனர் காதில் விழாது. இடது கையில் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. கீழே ஏ, மேலே எஃப்; இரண்டும் அசையாமல் நிற்கின்றன. நடுச்சுரம் மட்டும் பி, சி, டி என்று ஒவ்வொரு படியாக ஏறிப் பார்க்கிறது. எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று தெரியாத நான்கு மாத்திரைக்கட்டுகள். அதன் பிறகே மெட்டு தொடங்குகிறது. மெட்டு வரும்போதெல்லாம் அலங்காரம் வேறு வேறாக வரும். நடுவில் ஏ மேஜருக்கு மாறும் பகுதியில் இடது கை ஏ, ஈ என்ற இரண்டு சுரங்களை ஒத்துப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும். போலந்துக் கிராமத்துத் துருத்திக்குழலின் நாதம் அது. அதன்மேல் ஆட்டம் உரக்கக் கிளம்பி அடங்கும். எல்லாம் முடிந்து வந்தபின் தொடக்கத்து அந்தக் கேள்வியே திரும்பி வருகிறது. ஏ, சி, எஃப் என்ற சேர்க்கையில், ஆதாரச் சுருதிக்குப் போய்ச் சேராமலேயே, ஒலி தேய்ந்து நின்றுவிடுகிறது. 1834இல் ஒருவர் ஓர் இசைத்துண்டை முடிக்காமல் முடித்திருக்கிறார்.

நம் காதுக்குப் பழக்கமான ஒன்றும் மசூர்காக்களில் உண்டு. மேற்கத்திய மேஜரில் சுத்த மத்திமம் வர வேண்டிய இடத்தில் கிராமத்துப் பாடகர்கள் அதை உயர்த்திப் பாடினார்கள். நம் கணக்கில் பிரதி மத்திமம். ஓபஸ் 68, எண் 3 மசூர்காவின் நடுப்பகுதியில், கீழே ஒத்து நிற்க, அந்த உயர்ந்த மத்திமம் துள்ளிக்கொண்டு வரும். சிறுவயதில் கேட்ட அந்தச் சுரத்தைச் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருந்தாரே, அதற்காக அவரை வணங்கத் தோன்றுகிறது.

இவையெல்லாம் முதல் தடவை கேட்டால் பிடிபடாதவை. பெரும் பொலொனேஸ் முதல் தடவையிலேயே கேட்பவரை எழுந்து நிற்க வைத்துவிடும். பிரிலூட் சிலவும் அப்படியே. ஈ மைனர் பிரிலூடின் துயரம் யாருக்கும் விளக்கம் கேட்காது. ஷோபினின் இறுதிச் சடங்கின்போது பாரிஸ் மதலென் கோயிலில் ஆர்கனில் அதை வாசித்தார்கள். மசூர்கா அப்படி முன்வந்து கைகுலுக்காது. மூன்றாவது ஞாயிறோ ஐந்தாவது ஞாயிறோ கேட்கும்போது, போன தடவை தட்டுத்தடுமாறலாகத் தோன்றியது ஆட்டக்காரர் காலைத் தூக்கிவைக்கும் நேரம் என்று பிடிபடும். அதற்குத்தான் தொடர் வேண்டும், அதுவும் ஒருவரையே கேட்கும் தொடர் வேண்டும்.

பூங்காவில் அமைதி இருக்காதே என்று கேட்கலாம். இருக்காதுதான். வாஜென்கியில் மயில்கள் உலவுகின்றன, நினைத்தபோது அகவும். குழந்தை அழும். செந்நிற அணில் ஒன்று கிளையிலிருந்து இறங்கினால் பாதிப்பேர் அங்கே திரும்புவார்கள். நாக்டர்ன்களும் தாலாட்டும் இதில் அடிபடுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றை அரங்குக்கு விட்டுவிடலாம். மசூர்கா ஊர்ப் பொதுவிடத்தில் பிறந்தது. அணிலும் குழந்தையும் அதற்குப் புதிதல்ல.

வார்சாவுக்கு ஷோபின் பெயரால் உலகப்புகழ் பெற்ற போட்டி ஒன்றும் இருக்கிறது. 1927இல் தொடங்கியது. இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் நடக்கிறது. பொல்லினி, ஆர்கெரிச், ஜிமெர்மன், 1980இல் வியட்நாமின் தாங் தாய் சொன் என்று அங்கே வென்றவர்கள் பலர் பெருங்கலைஞர்கள் ஆனார்கள். போட்டியின் நடுவே அக்டோபர் 17 வந்தால் அன்று சுற்றுகள் இல்லை. ஷோபினின் இதயம் இருக்கும் கோயிலில் மொட்ஸார்ட்டின் ரெக்வியம் இசைக்கப்படுகிறது. மசூர்காவைச் சிறப்பாக வாசிப்பவருக்கு அங்கே தனிப் பரிசும் உண்டு. போட்டியை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே ஒவ்வொரு சுரத்தையும் நடுவர்கள் நிறுக்கிறார்கள், உலகமே நேரலையில் பார்க்கிறது. பூங்காவில் மதிப்பெண் இல்லை. பரிசு வென்ற பெரியவர் வாசித்த அதே இடத்தில் இளம் கலைஞரும் வாசிக்கலாம். சென்ற ஞாயிறு ஒருவர் வாசித்ததையே இந்த ஞாயிறு வேறொருவர் வேறு விதமாக வாசித்தால், கேட்பவர்கள் யார் மேல் என்று பார்ப்பதை விட்டுவிட்டு அந்த இசைத்துண்டுக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

வாஜென்கியைப்போலவே போட்டியில்லாமல், கோடையில் ஷோபினுக்கென நடக்கும் இன்னொரு விழாவும் உண்டு. போலந்தின் தென்மேற்கு மலையோரத்தில் துஷ்னிகி என்ற ஊற்றுநீர்ச் சிற்றூர் இருக்கிறது. 1826 ஆகஸ்டில் 16 வயது ஷோபின் உடல்நலத்துக்காக அங்கே போனபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கச்சேரி வாசித்துப் பணம் திரட்டிக் கொடுத்தார். அதன் நினைவாக 1946 முதல் ஆகஸ்ட்தோறும் அங்கே ஷோபின் விழா நடக்கிறது. தொடங்கிய ஆண்டைக் கவனியுங்கள். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

மீண்டும் வாஜென்கிக்கு வருகிறேன். அந்தத் தொடரை நடத்துபவர்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அன்பினால் வந்த குறை. தெரிந்த உருப்படிகளே அங்கே முன்னுக்கு வருகின்றன. சுற்றுலாப் பயணிகள் நிறைய வருகிறார்கள், ஒரு ஞாயிறு மட்டும் இருப்பார்கள், அவர்களுக்குத் தெரிந்த வால்ட்ஸும் வீரப் பொலொனேஸும் வேண்டும் என்று நினைப்பது இயற்கைதான். ஆனால் அந்தத் தொடர் முதலில் வார்சாக்காரர்களுக்காக எழுந்தது. ஞாயிறுதோறும் வரும் முதியவர்களும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும்தான் அதன் உண்மையான ரசிகர்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஏறத்தாழ 20 ஞாயிறுகள். நாளுக்கு இரண்டு கச்சேரி என்றால் 40. ஷோபின் எழுதிய மசூர்காக்கள், அவர் மறைவுக்குப்பின் வெளிவந்தவற்றையும் சேர்த்து, 60க்குள் அடங்கும். பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு நிமிடம். ஒவ்வொரு கலைஞரும் தமக்குப் பிடித்த பெரிய உருப்படிகளை வாசித்துக்கொள்ளட்டும். அதோடு வரிசையில் அன்றைக்கு வரும் இரண்டு மசூர்காக்களை மட்டும் வாசித்தால் போதும். ஒரே கோடையில் அத்தனையும் ஒலித்துவிடும். ஓபஸ் 17இன் அந்த ஏ மைனரை மூன்று நான்கு பேர் கையில் மறுபடியும் கேட்க இடம் மிஞ்சும். எந்தக் கூடுதல் செலவும் இல்லாமல் வருகிற மே மாதமே தொடங்கலாம்.